அளந்த படமும் அழகான படமும்

கட்டடக்கலை படிக்கிற எல்லாருக்கும் முதல் இரண்டு வருடத்துக்குள் எப்படியும் ஒரு பாடம் வரும். பெயர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், வேலை ஒன்றுதான். ஒரு கட்டடத்தைக் கணினியில் கீற வேண்டும். கீறியதைப் பெரிய தாளில் அடுக்கி, ஆசிரியர்மாருக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். டிஜிட்டல் வரைதல், பிரசன்டேஷன் என்று சேர்த்தே சொல்லுவார்கள். ஓட்டோகாட்டில் பிளான், வெட்டுமுகம், முகப்பு. ஸ்கெச்சப்பில் முப்பரிமாண மாதிரி. லூமியனிலோ வி-ரேயிலோ ரெண்டர். கடைசியாக போட்டோஷொப்பில் கொஞ்சம் வானம், இரண்டு மரம், கைப்பிடித்து நடக்கிற தாயும் பிள்ளையும்.

இந்த ஒரு பாடத்துக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று, அளந்து கீறுவது. சுவர் எத்தனை அங்குலத் தடிப்பு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், கூரை எந்தச் சரிவில் இறங்குகிறது என்று சொல்கிற படம் அது. மற்றது, வடிவாகக் காட்டுவது. பின்னேர வெயில் விறாந்தையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிற படம். முதலாவதைப் பார்த்து மேசன் கட்டலாம். இரண்டாவதைப் பார்த்து வீட்டுக்காரர் ஆசைப்படலாம். மாணவர்களின் நித்திரையைத் தின்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். புள்ளியும் கைதட்டலும் அதற்குத்தான் கூட விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்த இரண்டு படங்களுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்தால் அது வெறும் புள்ளிப் பிரச்சினையாகத் தெரியாது. இடிந்து போன ஊர்களில், எந்தப் படம் மிஞ்சியது, யாருடைய கட்டடத்துக்குப் படம் இருந்தது என்பது பெரிய கேள்வி.

பழைய சண்டை

இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் லியோன் பத்திஸ்தா அல்பெர்ட்டி என்பவர் கட்டடக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். 1452 அளவில் எழுதி, அவர் இறந்த பிறகு 1485இல் அச்சானது. அதில் அவர் இரண்டு பேரையும் பிரித்து வைக்கிறார். ஓவியர் நிழலும் தூரமும் காட்டிக் கண்ணை மயக்கலாம். கட்டடக்கலைஞர் அப்படிச் செய்யக்கூடாது, அவருடைய கோடுகள் உண்மையான அளவைச் சொல்ல வேண்டும். சில பத்தாண்டுகள் கழித்து, 1519 அளவில், ஓவியர் ரபாயேல் பாப்பரசர் பத்தாம் லியோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய ரோமின் இடிபாடுகள் அழிந்துகொண்டிருக்கின்றன, அவற்றை அளந்து கீறி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எப்படிக் கீறுவது என்றும் சொல்கிறார்: பிளான், வெளி முகப்பு, உள் முகப்பு. இன்றைக்கு முதலாம் வருட மாணவர் ஏ1 தாளில் அடுக்குகிற அதே மூன்று படங்கள். இந்த முறை புதிதாகக் கட்டுவதற்காக மட்டும் வந்ததல்ல என்பதைக் கவனியுங்கோ. அழிகிற ஒன்றைக் காப்பாற்றுகிற அவசரமும் அதற்குள் இருந்தது.

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் எக்கோல் தே பூசார் என்ற கலைப்பள்ளி அடுத்த பக்கத்தை வளர்த்தது. அங்கே மாணவர்கள் பெரிய தாள்களில் நீர்வர்ணம் பூசி, நிழல் விழுத்தி, தூண் தூணாகத் தீட்டினார்கள். நேரம் முடிந்ததும் படங்களை எடுத்துச் செல்லத் தள்ளுவண்டி வரும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதும் சிலர் பக்கத்தில் ஓடி ஓடிக் கடைசிக் கோட்டைப் போடுவார்களாம். பிரெஞ்சில் அந்த வண்டிக்கு ஷரெட் என்று பெயர். கட்டடக்கலை மாணவர்கள் இன்றைக்கும் கடைசி நேரத்து இராவேலைக்கு அந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். ரெண்டர் முடியவில்லை என்று அழுகிற ஆள் 200 வருடத்துப் பரம்பரையைச் சேர்ந்தவர்.

எங்கட பக்கத்தில் வேறு கதை. கோயில் கட்டிய சிற்பாசாரிகளிடம் தாள் இல்லாவிட்டாலும் அளவு இருந்தது. 8 யவம் ஒரு அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். முழக்கோல்தான் கையில் இருக்கிற கருவி. நிலத்தைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். 64 கட்டம் என்றால் மண்டூகம், 81 கட்டம் என்றால் பரமசாயிகம். கயிறும் சுண்ணாம்பும் வைத்து நிலத்திலேயே முழு அளவில் கோடு போட்டுவிட்டால் அதற்கு மேலே கட்டிடலாம். சிறிய தாளில் சுருக்கிக் கீறுவது கட்டாயமில்லை. அறிவு கையிலும் பாட்டிலும் நினைவிலும் போனது.

அந்த அறிவு அச்சுப் புத்தகத்துக்குள் ஐரோப்பிய முறைப் படமாக வந்தது ராம் ராஸ் என்பவரால். தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் நீதிமன்றப் பதவியில் இருந்தவர். வடமொழிச் சிற்ப நூல்களைத் தேடி, சிற்பிகளிடம் கேட்டு விளங்கி, படங்களோடு ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பிறகு 1834இல் லண்டனில் வெளிவந்தது. நிலத்தில் முழு அளவில் போட்ட கோடு, தாளில் சுருங்கி, கப்பலேறிப் போன காலம் அது.

கணினிக்குள் கோடு

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆய்வு மாணவர் ஸ்கெச்பாட் என்ற நிரலைச் செய்தார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு கீறலாம். அதில் புதுமை கீறுவது மட்டுமில்லை. எந்தக் கோடு எதோடு இணைந்திருக்கிறது, எது எதற்குச் சமாந்தரம் என்ற உறவையும் கணினி நினைவில் வைத்திருந்தது. தாளில் இருக்கிற கோட்டுக்குத் தன் பக்கத்துக் கோட்டைத் தெரியாது. ஸ்கெச்பாட்டில் தெரியும். இன்றைக்குக் கட்டடக்கலை மாணவர் பாவிக்கிற எல்லா மென்பொருளும் ஏதோ ஒரு விதத்தில் அந்த ஆய்வேட்டின் பிள்ளைகள்.

1982இல் ஓட்டோகாட் வந்தது. பெரிய நிறுவனங்களின் பெரிய இயந்திரங்களில் மட்டும் ஓடிய வேலை மேசைக் கணினிக்கு இறங்கியது. 2000ஆம் ஆண்டில் ஸ்கெச்சப். 2006இல் கூகுள் அதை வாங்கி இலவசப் பதிப்பைக் கொடுத்ததும் உலகம் முழுக்கப் பெடியள் வீடு கட்டத் தொடங்கினார்கள். 2012இல் அது டிரிம்பிள் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிசையைப் பாருங்கோ: கணினி முதலில் கற்றது அளவுள்ள கோட்டை. வெயிலும் நிழலும் கண்ணாடியில் தெரிகிற வானமும் மாணவரின் மடிக்கணினிக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன.

ஓட்டோகாட்டில் ஒரு விசயம் எங்களுக்குப் பிடிக்கும். அதற்குள் கீறும்போது யாரும் சுருக்கிக் கீறுவதில்லை. 12 அடிச் சுவர் 12 அடியாகவே திரைக்குள் இருக்கும். தாளில் எடுக்கும்போதுதான் 1:50, 1:100 என்ற கணக்கு. நிலத்தில் முழு அளவில் கயிறு பிடித்த சிற்பாசாரியும் மடிக்கணினியில் மவுஸ் பிடிக்கிற மாணவரும், இடையில் இருந்த தாளைத் தாண்டி, ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் கோடு என்றால் கட்டடத்தின் உண்மையான நீளம்.

யாருக்குப் படம் இருந்தது?

இனி யாழ்ப்பாணம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டிய சதுரக் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1680இல் இருந்து அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். வெளி அரண்கள் 1792இல்தான் முடிந்தன. மூன்றே வருடத்தில், 1795இல், கோட்டை பிரித்தானியர் கைக்குப் போய்விட்டது. அந்தக் கோட்டைக்குப் படம் இருக்கிறது. ஒல்லாந்தக் கம்பனிக் காலத்துப் பிளான்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பிலிப்புஸ் பால்தேயுவின் நூலில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களின் செதுக்குப் படங்கள்கூட இருக்கின்றன. அவை இரண்டாவது வகைப் படங்கள். தூரத்து ஐரோப்பிய வாசகருக்குக் காட்டுவதற்காகச் செய்தவை.

கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவத்தில் ஒரு பெரிய தேவாலயம் கட்டினார்கள். அதை வடிவமைத்தவர் மார்ட்டினுஸ் லூசெகாம் என்று பெயர்கூடத் தெரியும். 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையோடு அது இடிந்து போனது. இன்று கோட்டைக்குப் போகிறவர்கள் பார்ப்பது அதன் கற்குவியலையும் மிச்சச் சுவர்களையும்தான்.

அதே காலத்தில் ஒல்லாந்தர் இன்னும் இரண்டு விசயங்களைத் தாளில் ஏற்றினார்கள். ஒன்று தோம்பு: யாருக்கு எவ்வளவு காணி, யார் யாருடைய பிள்ளை என்ற பதிவு. மற்றது தேசவழமை: 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம். பிரித்தானியர் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நில அளவைத் திணைக்களத்தைத் தொடங்கினார்கள். வரிக்காகக் காணி அளக்கப்பட்டது, ஆட்சிக்காகக் கோட்டை அளக்கப்பட்டது, வழக்குக்காக வழமை எழுதப்பட்டது. காணிக்கு நடுவில் நின்ற வீட்டை யாரும் அளக்கவில்லை. அதற்கு யாருக்கும் தேவை இருக்கவில்லை.

வீட்டைக் கட்டியவருக்கும் தாள் தேவைப்படவில்லை. நாற்சார் வீடு என்றால் மேசனுக்கும் ஓடாவிக்கும் தெரியும். நடுவில் முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, முன்னுக்குத் தலைவாசல், பின்னுக்குக் குசினி, ஒரு மூலையில் கிணறு. எத்தனை முழம் என்பதை மட்டும் வீட்டுக்காரர் சொன்னால் போதும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு நகரப் பகுதிகளில் கட்டுவதற்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குப் படம் வேண்டும் என்று வந்தது. படவரைஞர் என்ற தொழிலும் நீல நிறப் பிரதியும் எங்கட வீடுகளுக்குள் நுழைந்தது இந்த வழியால்தான். அந்த நீலப் பிரதியே 1842இல் ஜோன் ஹெர்ஷல் கண்டுபிடித்த இரசாயன முறை. அதற்கு முந்திய வீடுகளுக்கு வீடுதான் படம். வீடு போனால் படமும் போச்சு.

கொழும்புத்துறையில் ஒரு வீடு

எங்கட வட்டத்தில் கட்டடக்கலை படிக்கிற ஒருத்தி கொழும்புத்துறைக்காரி. யாழ்ப்பாண மாநகர எல்லையின் ஓரத்தில், கடனீரேரியைப் பார்த்தபடி இருக்கிற ஊர். நீருக்கு அந்தப் பக்கம் பூநகரி. யோகர் சுவாமிகள் 1964இல் சமாதியாகும் வரை நெடுங்காலம் வாழ்ந்தது இங்கேதான், ஒரு சிறிய கொட்டிலில். குருமடத்தின் பெரிய கட்டடங்களும் இங்கேதான். ஊரைத் தெரியாத ஆளுக்கும் அந்தக் கொட்டிலைத் தெரியும். கட்டடக்கலைப் புத்தகத்தில் கொட்டிலுக்கு இடம் கிடைப்பது குறைவு என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கலாம்.

தன் பாட அசைன்மென்டுக்கு அவள் ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை எடுத்தாள். டேப் பிடிக்க நாங்கள் மூன்று பேர் போனோம். அறையின் நாலு பக்கமும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் விளங்கிக்கொண்டோம். கண்ணுக்குச் சதுரமாக இருந்த அறையில் இரண்டு மூலைவிட்டமும் நாலு விரல்கடை வித்தியாசம். முன் பகுதிச் சுவர் ஒரு தடிப்பு, மேற்குப் பக்க அறையின் சுவர் வேறு தடிப்பு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர் வெடிப்பு. அது வெடிப்பில்லை, பொருத்து என்று அவள் சொன்னாள். பழைய சுவரோடு கல்லைப் பின்னாமல் புதுச் சுவரை ஒட்டி எழுப்பினால் அப்படித்தான் கோடு விழுமாம். வீட்டு அம்மாவிடம் கேட்டோம். "அது என்ர கலியாணத்துக்கு ஐயா இழுத்த அறை, பிள்ளையள்" என்றார். பெண்பிள்ளைக்கு வீடு போகிற ஊரில், ஒரு சீதனத்தின் கதை அந்தப் பொருத்தில் இருந்தது. தோம்பிலும் இல்லை, தேசவழமையிலும் இல்லை, 1:50 பிளானில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தது.

ரெண்டரில் அந்தப் பொருத்துத் தெரியாது. சுவருக்கு வெள்ளைப் பூச்சு என்று ஒரு மெட்டீரியலைக் கொடுத்ததும் எல்லாச் சுவரும் ஒன்றாகிவிடும். மென்பொருளைக் குறை சொல்லவில்லை. அதன் வேலை அது. மனசைக் கவரவேண்டிய படம் சந்தேகமான இடங்களை மழித்துவிடும்.

இன்னொரு விசயம் அறைகளின் பெயர். தாளில் போக வேண்டியது ஆங்கிலப் பெயர்கள். தலைவாசலுக்கு என்ன போடுவது? லிவிங் ரூம் என்று போட்டால் அங்கே யாரை இருத்தினார்கள், யாரை அதற்கு மேலே உள்ளே விடவில்லை என்பது போய்விடும். படலைக்குக் கேட் என்றால் சங்கடப்படலையின் கூரையும் வழிப்போக்கர் இருக்கிற குந்தும் போய்விடும். அவள் தமிழிலேயே எழுத முயன்றாள். ஓட்டோகாட்டின் வழமையான கோட்டு எழுத்துருக்களில் தமிழ் வராது, கேள்விக்குறிதான் வரும். ட்ரூடைப் எழுத்துரு ஒன்றுக்கு மாற்ற வேண்டும். போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவைப் போடாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இவ்வளவும் செய்து தலைவாசல், விறாந்தை, குசினி என்று படத்தில் எழுதினாள். அந்தத் தாளில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மாணவர் படங்களால் திரும்பி வந்த நகரம்

இப்படி அளந்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு வார்சோவைக் காட்டலாம். போலந்தின் தலைநகரான அங்கே, பொலிடெக்னிக்கின் கட்டடக்கலைப் பீடத்தில் இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்கள் நாட்டின் பழைய கட்டடங்களுக்குப் போய் அளந்து கீறி வந்து ஒப்படைக்க வேண்டும். அதாவது அசைன்மென்ட். அதை வளர்த்த பேராசிரியர் ஒஸ்கார் சொஸ்னோவ்ஸ்கி 1939 செப்டெம்பரில் ஜேர்மன் தாக்குதலில் இறந்தார். 1944 எழுச்சிக்குப் பிறகு நாசிகள் நகரத்தைத் தெருத்தெருவாக எரித்து இடித்தபோது, யான் சக்வாதோவிச்சும் அவரோடு இருந்தவர்களும் அந்தப் படங்களை வெளியே கடத்தி, பியோட்ர்கூவ் என்ற நகரில் ஒரு துறவி மடத்துக் கல்லறைகளுக்குள் மறைத்து வைத்தார்கள். 1945இல் படங்கள் திரும்பின. பழைய நகரம் அவற்றைப் பார்த்து மீண்டும் எழுந்தது. 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. புள்ளி போட்டுக் கட்டி வைத்த மாணவர் தாள்கள் ஒரு தலைநகரத்தைத் திருப்பித் தந்திருக்கின்றன.

அங்கேயும் இரண்டாவது வகைப் படத்துக்கு இடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அரச ஓவியராக இருந்த பெர்னார்டோ பெலோட்டோ தீட்டிய தெருக்காட்சிகளையும் கட்டியவர்கள் பார்த்தார்கள். அவர் இருட்டுப்பெட்டிக் கருவியைப் பாவித்து நுணுக்கமாகத் தீட்டியவர், ஆனால் ஓவியர். சில இடங்களை உள்ளதைவிட வடிவாக்கிவிட்டார். அதனால் இன்றைய வார்சோவில் சில முகப்புகள், முன்பு இருந்ததைவிட ஓவியத்தைப் போல இருக்கின்றன. வடிவான படத்தை நம்பினால் வீடு திரும்பி வரும், கொஞ்சம் பொய்யோடு வரும்.

பாரிஸில் 2019 ஏப்ரல் 15இல் நோத்ர்-டாம் எரிந்தபோது இணையம் முழுக்க ஒரு கதை ஓடியது: அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி விளையாட்டில் அந்தத் தேவாலயம் அப்படியே இருக்கிறது, அதை வைத்துக் கட்டிவிடலாம் என்று. 2014இல் வந்த அந்த விளையாட்டில் இருக்கும் தேவாலயம் இரண்டு வருட உழைப்பு, பார்க்கப் பிரமாதம். ஆனால் விளையாடுபவர் ஏறிக் குதிக்கத் தோதாக மாற்றிச் செய்தது. பயன்பட்டது வேறு. அண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் 50க்கும் மேற்பட்ட இடங்களில் லேசர் கருவியை வைத்து அந்தக் கட்டடத்தை அளந்திருந்தார். கூரை மரச் சட்டங்களை 2014இல் இரண்டு கட்டடக்கலைஞர்கள் உத்தரம் உத்தரமாக அளந்து கீறியிருந்தார்கள். 2024 டிசெம்பரில் தேவாலயம் திறந்தது. டாலன் அதைப் பார்க்கவில்லை. எரிவதற்கு முந்திய வருடமே இறந்துவிட்டார்.

இலங்கையில்

எங்கட தீவிலும் உதாரணம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பார்பரா சன்சோனி, டென்மார்க்கில் இருந்து வந்த கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர், லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களைக் கீறினார்கள். விகாரை, அம்பலம், வளவு வீடு என்று அன்றைக்கு யாரும் பெரிதாக மதிக்காதவை. ஜெப்ரி பாவாவின் அலுவலகப் படங்களில் மரத்தை இலை இலையாகக் கீறுகிற பழக்கமும் அந்தக் கூட்டத்தின் கைகளால் வந்தது. அங்கே அளவும் அழகும் ஒரே தாளில் இருந்தன.

பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய முற்றத்து வீடு, 2009இல் காணி கைமாறியபோது இடிபடும் நிலைக்கு வந்தது. அதை அளந்து, பதிந்து, துண்டு துண்டாகக் கழற்றி, லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள். இது நடந்ததற்கு அளந்த படம் வழி காட்டியது. ஆனால் அந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆட்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் அதன் அழகான படங்கள். புத்தகங்களில், சஞ்சிகைகளில் பல வருடம் பார்த்து மனசில் பதிந்த வீடு அது. கொழும்புத்துறை வீட்டுக்கு அந்தப் புகழ் இல்லை. அதனால் பிரசன்டேஷன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அழகான படம் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லும். அளந்த படம் எப்படி என்று சொல்லும். முதலாவது மட்டும் கையில் இருந்தால் ஏக்கம்தான் மிஞ்சும்.

அளக்கத் தெரிந்தவர்கள் அழகான படத்துக்குக் கேள்வியும் கேட்கலாம். 2015, 2016இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் கட்டித் தருவதாகத் திட்டம் வந்தது. பளபளப்பான மாதிரி வீடு காட்டப்பட்டது. பொறியியலாளர்களும் ஊர் ஆட்களும் அளவோடு கேட்டார்கள்: இந்த வெக்கைக்குள் எப்படி இருப்பது, உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்குமா, விறகடுப்பு எங்கே, பிள்ளை வளர்ந்தால் ஒரு அறையை எங்கே இழுப்பது? கடைசிக் கேள்வியைக் கொழும்புத்துறை அம்மாவின் ஐயாவும் கேட்டிருப்பார். எதிர்ப்புக்குப் பிறகு அந்தத் திட்டம் அந்த அளவில் நடக்கவில்லை.

இனி என்ன செய்யலாம்

ஒவ்வொரு வருடமும் எத்தனை மாணவர்கள் எத்தனை வீடுகளை, கோயில்களை, மடங்களை அளந்து கீறுகிறார்கள். ஜூரி முடிந்ததும் அந்தக் கோப்புகளுக்கு என்ன நடக்கிறது? பென்டிரைவில் கிடக்கும். மடிக்கணினி பழுதானால் போகும். மாணவர் உரிமம் முடிந்தால் மென்பொருள் திறக்காது. புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. கல்லறைக்குள் வைத்த வார்சோத் தாள் போரைத் தாண்டியது. எங்கட கோப்பு ஒரு விண்டோஸ் ரீ-இன்ஸ்டோலைத் தாண்டாது.

செய்யக்கூடியது பெரிய வேலையில்லை. படத்தைப் பி.டி.எஃப் ஆகவும், எந்த மென்பொருளும் வாசிக்கிற டி.எக்ஸ்.எஃப் ஆகவும் சேமியுங்கோ. அளவுத்திட்டக் கோடு, வடக்கு அம்பு, அளந்த திகதி மூன்றும் தாளில் இருக்கட்டும். 1:50 என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், போட்டோகொப்பியில் தாள் சிறுத்தால் அந்த எண் பொய்யாகிவிடும். கோட்டால் போட்ட அளவுத்திட்டம் கூடவே சிறுக்கும். எதை அளந்தீர்கள், எதை ஊகித்தீர்கள் என்று வேறு கோட்டில் காட்டுங்கோ. டேப் பிடித்தபோது எழுதிய கசங்கின தாளையும் ஸ்கேன் பண்ணி வையுங்கோ, திருத்திக் கீறியதைவிட அது சில வேளை உண்மை கூட. அறைகளுக்கு அந்த வீட்டார் சொல்கிற பெயரை எழுதுங்கோ. வீட்டாரிடம் அனுமதி கேளுங்கோ, ஒரு பிரதி அவர்களிடம் கொடுங்கோ.

பிறகு அதை உங்கள் கணினிக்கு வெளியே ஒரு இடத்தில் வையுங்கோ. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. விக்கிமீடியா பொதுவகம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் தொடக்கி வளர்த்த இ. மயூரநாதன் தொழிலால் கட்டடக்கலைஞர், யாழ்ப்பாணத்தவர். கட்டடக்கலையைத் தமிழில் எழுதிய கட்டுரைகள் அங்கே நிறைய இருப்பது தற்செயலில்லை. அந்தக் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் அளவோடு கீறின படங்கள் இருந்தால் எவ்வளவு நல்லது.

கொழும்புத்துறை வீட்டின் அம்மாவுக்கு மேற்கு அறையை இடித்துவிட்டு மேலே பிளேட் போடுகிற யோசனை இருக்கிறது. அது அவருடைய வீடு, அவருடைய விருப்பம். இடிக்க முந்தி அளந்தாயிற்று. பொருத்து இருந்த இடம், முன் சுவரில் இருந்து எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று தாளில் இருக்கிறது. உங்கட ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால், உங்களில் ஒருத்தர் கட்டடக்கலை படித்தால், அடுத்த அசைன்மென்டுக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தேவையில்லை. டேப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருவோம்.